கித்தேரி முத்துவுக்கு யார் சாட்சி?

அன்புள்ள வாசகர்களுக்கு,

வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் படித்து முடித்தேன். பலரும் கட்டுரையை இரண்டு வரியில் பாராட்டிவிட்டு நேராக மோதலுக்கே போய்விட்டீர்கள். முகமது அலியும் மைக் டைசனும் அவரவர் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? 'சார்பட்டா பரம்பரை' படத்தின் டான்ஸிங் ரோஸ் நிஜ மேடையில் எத்தனை ரவுண்டு தாங்குவார்? பிள்ளையார்பாளையத்து வாசகர் ஒருவர் அலிக்காக வாதாடி, நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அவருடைய மைத்துனரே டைசனுக்காக எழுதியிருக்கிறார்.

பட்டுக்கும் கோவிலுக்கும் பேர்போன நம் காஞ்சிபுரத்தில் பாக்ஸிங் பேச்சு எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு தறி வீட்டில் அரை நாள் உட்கார்ந்தால் புரிந்துவிடும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் குழியில் காலை விட்டு மிதியை மிதித்தபடி உடல் நாடாவை ஓட்டுவார்; பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைப் போடுவார். ஒவ்வொரு ஊடையிலும் உடலும் கரையும் கோத்துக்கொள்ள வேண்டும். கண் பாவு நூலை விட்டு நகர முடியாது, கை ஓய முடியாது. பேச்சு ஒன்றுதான் பொழுதுபோக்கு. அப்படி ஒரு தறியில் அப்பாவும் மகனும் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். "இல்லப்பா, டைசன் முதல் ரவுண்டுலயே முடிச்சிடுவான்" என்றான் மகன். "முதல் ரவுண்டு தாண்டிட்டா? அப்புறம் யார் ஆட்டம்டா அது?" என்றார் அப்பா. நாடா ஒரு தடவைகூட நிற்கவில்லை.

2021 ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. ஷபீர் கல்லரக்கல் நடித்த டான்ஸிங் ரோஸின் காலாட்டத்தைப் பார்த்ததும், குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்கு நசீம் ஹமீத் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த ஏமன் வம்சாவளிக்காரர் அவர். கைகளைத் தொங்கவிட்டு, உடம்பை வளைத்து, எதிராளி எதிர்பாராத கோணத்திலிருந்து அடிப்பார். 37 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. 2001 ஏப்ரலில் லாஸ் வேகஸில் மெக்ஸிகோவின் மார்கோ அன்டோனியோ பரேரா அவசரமே படாமல், தூரத்தைக் காத்து, 12 ரவுண்டும் புள்ளி சேர்த்து வென்றார். ரோஸ் எத்தனை ரவுண்டு தாங்குவார் என்று கேட்டவருக்கு என் பதில் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. பரேரா போன்ற பொறுமைசாலி எதிரே நின்றால் ரோஸ் தோற்பார். ஆனால் கடைசி மணி அடிக்கும்வரை நின்றுதான் தோற்பார்.

இப்படிக் கட்சி கட்டிப் பேசுவது இந்த ஊருக்கு ஒன்றும் புதிதல்ல. மாமல்லன் என்று பட்டம் சூடிய நரசிம்மவர்மனுக்குத் தலைநகராக இருந்த ஊர் இது. சாளுக்கியப் புலிகேசியின் புகழைப் பாட 634இல் ரவிகீர்த்தி எழுதிய ஐஹோளே கல்வெட்டு, பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்கிறது. நமக்குப் பக்கத்திலிருக்கும் கூரத்துச் செப்பேடோ, நரசிம்மவர்மன் புலிகேசியைப் புறமுதுகிட வைத்து, அந்த முதுகையே பட்டயமாக்கி வெற்றி என்று எழுதினான் என்கிறது. இரண்டிலும் அபிமானிகளின் குரல்தான் கேட்கிறது. ஆனால் இரண்டும் பிழைத்திருப்பதால் நம்மால் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. முதல் சுற்று புலிகேசிக்கு. 642இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபி விழுந்த கடைசிச் சுற்று மாமல்லனுக்கு.

போதிதர்மர் எதிரே வந்தால் இவர்களில் யாரும் நிற்க முடியாது என்று எழுதியிருக்கும் கல்லூரித் தம்பிக்கு ஒரு வார்த்தை. அவர் காஞ்சிபுரத்து அரசகுமாரர் என்ற மரபு எனக்கும் பெருமையே. ஆனால் ஷாவ்லின் சண்டைக் கலையை அவரோடு சேர்க்கும் கதை, அவருக்கு ஓராயிரம் ஆண்டு கழித்து, 17ஆம் நூற்றாண்டில் சீனத்தில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து கிளம்பியது. அவரைத் தியான குருவாகவே வைத்துக்கொள்வோம். அதுவே பெரிய பெருமை.

நடக்காத ஆட்டத்தை நடத்திப் பார்க்கும் ஆசைக்குப் பணத்தைக் கொட்டியவர்களும் உண்டு. 1969இல் அலிக்கு மேடை ஏறத் தடை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்குக் கிடைத்த தண்டனை அது. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவுக்கு வயது 45. இருவரையும் பொய்யாக மோதவிட்டுப் படம் பிடித்தார்கள். யார் ஜெயிப்பது என்பதைக் கணினி சொல்லும் என்றார்கள். பல முடிவுகளையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் வெளிவருமுன்பே, அந்த ஆகஸ்டில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது 13ஆவது ரவுண்டில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார்! பார்க்கிறவர்களின் ஊருக்கு ஏற்ப மாறுகிற தீர்ப்பு எப்படித் தீர்ப்பாகும்?

நம் கடிதங்களிலும் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. டிரெவர் பெர்பிக் அலியை வென்றார். அதே பெர்பிக்கை டைசன் இரண்டே ரவுண்டில் சாய்த்தார். ஆகவே டைசன் அலியை வெல்வார். மைத்துனரின் வாதம் இதுதான். நடந்தது இரண்டும் உண்மை. ஆனால் 1981 டிசம்பரில் பஹாமாஸில் பெர்பிக்கிடம் தோற்ற அலிக்கு நாற்பது வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். 1986 நவம்பரில் பெர்பிக்கைச் சாய்த்து உலகப் பட்டம் வாங்கிய டைசனுக்கு வயது 20. நாற்பதையும் இருபதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அந்தக் கணக்கு சம வயதிலும் பலிக்காது. 1971 மார்ச்சில் நியூயார்க்கில் ஜோ ஃப்ரேசியர் அலியை வென்றார். 15ஆவது ரவுண்டில் அவருடைய இடது கை ஹுக் அலியை மல்லாக்கத் தள்ளியது. 1973 ஜனவரியில் அதே ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு ரவுண்டில் ஆறு தடவை தரையில் போட்டார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். மறு வருடம் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டு ரவுண்டில் முடித்தார். தன்னைத் தோற்கடித்த இருவரையும் நொறுக்கிய ஆளை எதிர்த்துத்தான் 1974 அக்டோபர் 30இல் அலி கின்ஷாசாவில் மேடை ஏறினார். கயிற்றில் சாய்ந்து, அடிகளைக் கையிலும் தோளிலும் வாங்கி, ஃபோர்மன் களைத்துப்போன பிறகு எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஒருவருடைய ஆட்டமுறைக்கு இன்னொருவருடைய முறை எப்படி வந்து வாய்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபோர்மனின் பலம் ஃப்ரேசியரிடம் செல்லும். கயிற்றில் சாய்ந்து காத்திருப்பவரிடம் செல்லாது.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். தடைக்கு முன்பிருந்த, 1966ஆம் ஆண்டின் அலி, டைசனைப் பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு வெல்வார் என்பது என் கட்சி. 1990இல் டோக்கியோவில் டைசனை முதன்முதலாக வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் நெடிய ஆள். நீட்டிய இடது கையால் டைசனை நெருங்கவிடாமல் பத்து ரவுண்டு ஓட்டினார். அலியின் கை அதைவிட வேகம். மைத்துனர் கோபப்படக் கூடாது. அடுத்த கடிதத்தில் மறுத்து எழுதட்டும்.

அலியைச் சென்னையில் நேரில் பார்த்ததாக ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். 1980இல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், தன்னோடு லூயிவில்லில் வளர்ந்த பழைய சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடினார். அப்போது அவருக்கு வயது 38, ஓய்வை அறிவித்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் மேடை ஏறி, லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடிவாங்கித் தோற்றார். 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் பெரியவர் என்று பேசும்போது இதையும் மறக்கக் கூடாது. நமக்குப் பேச்சாகக் கிடைப்பது அவர்கள் உடம்பில் வாங்கிய அடி.

இனி என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை கடிதங்களில் வடசென்னைக் குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவின் பெயரை எழுதியவர்கள் மிகக் குறைவு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பிரித்து, வாத்தியார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ரோசத்துக்காக ஆடியவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள். துறைமுகத்திலும் மீன்பிடியிலும் உழைத்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்கள். நாட் டெர்ரி என்ற வெள்ளைக்காரரைக் கித்தேரி முத்து வென்ற கதையை வடசென்னை இன்றும் சொல்கிறது. அவருடைய இடது கை எப்படி வந்தது, கால் எப்படி நகர்ந்தது என்று பார்த்துச் சொல்ல, அலிக்கு இருப்பதுபோல் நம்மிடம் படச்சுருள் இல்லை. அலியோடும் டைசனோடும் ஒப்பிடப்படும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. மேடை ஏறாமலே தோற்கடிக்கப்பட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று, அர்ஜுனா விருது பெற்ற வி. தேவராஜனைக்கூட நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியவில்லை. ஹமீதின் பெயரை அறிந்தவர்களுக்கு இவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்.

பதிவு இருந்தால் எவ்வளவு நியாயமாகப் பேச முடியும் என்பதற்கு நம் நாட்டுப் பெண்களே உதாரணம். 2019 டிசம்பரில் டெல்லியில் நடந்த தேர்வு ஆட்டத்தில் மேரி கோம், நிகத் ஜரீனை 9-1 என்று வென்றார். அன்றோடு முடிந்தது என்று பலர் பேசினார்கள். 2022இலும் 2023இலும் நிகத் உலகச் சாம்பியன் ஆனார். ஆறு உலகப் பட்டம் மேரியுடையது, இரண்டு நிகத்துடையது, அந்த ஒரு நாள் மேரியுடையது. எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் யாருக்கும் அநியாயம் செய்யாமல் பேசலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கண்ணப்பர் திடலிலோ, நேரு ஸ்டேடியத்திலோ, ராயபுரத்திலோ ஆட்டம் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பட்டு கொண்டுபோய்ச் சென்னைக் கடைகளில் கொடுத்துவிட்டு, இரவு ஆட்டம் பார்த்துத் திரும்பியவர்கள் நம் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். யாரோடு யார் ஆடினார், எந்த வருடம், எந்த இடம், எப்படி முடிந்தது என்று எழுதி அனுப்புங்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பழைய ஆட்ட நோட்டீஸோ புகைப்படமோ இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். வருகிற இதழிலிருந்து இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்