இழை அறுந்த இடம் எது?

"நெட் சரியில்லை" என்பது இன்று நம்மிடையே அன்றாடம் கேட்கும் சொல். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதும், உதவித்தொகைக்குப் பதிவதும், தேர்வு முடிவைக் காண்பதும் இணையத்தின் வழியே என்றாகிவிட்ட காலம் இது. கடைசி நாளன்று வீட்டுக் கணிப்பொறியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓராண்டுப் படிப்பே கைநழுவக்கூடும். இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஆனால், நாம் செய்வது என்ன? இணைப்புத் தந்த நிறுவனத்தைத் திட்டுகிறோம். அல்லது கூடுதல் கட்டணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறுகிறோம். இரண்டும் நோய் இன்னதென்று அறியாமல் மருந்து தேடும் செயல்களே என்பது என் கருத்து.

நம் வெள்ளகோவில் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளியைப் பாருங்கள். தறி நின்றால், அறுந்தது பாவா, ஊடையா என்றுதான் அவர் முதலில் பார்க்கிறார். இங்கும் வேண்டியது அந்த முறையே.

முதலில் கணக்கு. திட்டத்தில் சொல்லப்படும் 40 எம்.பி.பி.எஸ். என்பது மெகாபிட் அளவு. கோப்பு இறங்கும்போது திரை பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே வினாடிக்கு 5 மெகாபைட் வந்தால் அதுவே முழு வேகம். இதை அறியாமல் "ஏமாற்றிவிட்டார்கள்" என்போர் உண்டு.

அடுத்து, மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு, மோடத்தோடு கணிப்பொறியைக் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். கம்பியில் முழு வேகமும் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், குற்றம் வீட்டுக்குள்தான். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மோடத்தை வைத்தால் அலை எப்படி அறையைக் கடக்கும்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால் அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது. சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும். ஒரு கணிப்பொறி மட்டும் மந்தம் எனில், பின்னணியில் ஏதேனும் புதுப்பிப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பியிலும் வேகம் இல்லையா? இனித் துணிந்து கேட்கலாம். காலை, மாலை, இரவு என மூன்று நாள் அளந்து குறித்த தாள் கையில் இருந்தால், "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற ஒற்றைப் பதிலோடு எவரும் நம்மை அனுப்பிவிட முடியாது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அகன்ற அலைவரிசைக்குக் குறைந்தபட்ச வேகம் 2 எம்.பி.பி.எஸ். என்று மத்திய அரசு 2023இல் வரையறுத்தது. உரிமையும் அளவும் ஏட்டில் இருந்தால் போதுமா? அளந்து கேட்கத் தெரிந்தவனுக்கே அவை பயன்படும்.

நம் இயற்பியல், கணிப்பொறி அறிவியல் துறைகள் ஆண்டுக்கு ஒருநாள் இதனைச் செய்முறையாக அனைத்துத் துறை மாணவர்க்கும் காட்டினால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டும். நண்பர்களே, குறை கூறுவது எளிது. குறை இருக்கும் இடத்தைக் கண்டு கூறுவதே கற்றவர்க்கு அழகு!