கண்ணாடி கருணையல்ல, உரிமை

கணினியையும் நாற்காலியையும் கம்பெனி தருகிறது. அதே வேலைக்குத் தேவைப்படும் கண்ணாடியை மட்டும் நாம் ஏன் கைக்காசில் வாங்க வேண்டும்?

பெருந்துறை சிப்காட்டில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளி ஆண்டுக்கொருமுறை இலவசக் கண் முகாம் நடத்துவார். பேனர், போட்டோ, நன்றியுரை எல்லாம் உண்டு, கண்ணாடி கிடையாது.

பிரிட்டனில் 1993 முதல், திரை முன் வேலை செய்பவர் கேட்டால் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. திரை வேலைக்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் அதுவும்தான். நமது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவோ, தெறிக்கும் துகளிலிருந்தும் மிகை ஒளியிலிருந்தும் கண்ணைக் காப்பதை மட்டுமே பேசியது.

இதில் சாதி எங்கே வந்தது என்பீர்கள். என் தாத்தா பண்ணையத்தாள். தீபாவளிக்குப் பண்ணையக்காரர் கொடுத்த வேட்டிக்கும் இந்த முகாமுக்கும் என்ன வேறுபாடு? மனமிருந்தால் தருவார்கள், கேட்டால் திமிர் என்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்தும் கைகட்டித்தான் வாங்க வேண்டுமா? சுயமரியாதை பேசிய ஈரோட்டு மண் இது.

2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, முதலாளி செலவில் ஆண்டு உடல் பரிசோதனை என்கிறது. யார் யாருக்கு என்பதை அரசு விதிகள்தான் சொல்ல வேண்டும். அந்த விதிகளில் திரைத் தொழிலாளரின் கண்ணும் கண்ணாடியும் இடம்பெறட்டும். சட்டத்தில் இருப்பதற்கு யாருக்கும் நன்றியுரை வாசிக்க வேண்டியதில்லை.