வெட்கத்தை விடுங்கள், 1930-ஐ அழுத்துங்கள்



கொல்கத்தாவின் செக்டர் ஃபைவில் தமிழர்களான நாம் சோறு தின்னும் இதே கண்ணாடிக் கட்டடங்களில்தான் திருட்டும் நடந்திருக்கிறது. சால்ட் லேக்கில் பிதான்நகர் போலீசார் போலி கால் சென்டர்களை ஒன்றல்ல, பலமுறை பிடித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கடல் கடந்த கிழவர்களின் கணினிக்குள் புகுந்து, கிஃப்ட் கார்டு எண்ணாகப் பணத்தைக் கறக்கும் தொழில் அது. கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட், நைட் ஷிஃப்ட், இன்சென்டிவ்! வெளியிலிருந்து பார்த்தால் நம் ஆபீசுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. 2022-ல் மார்க் ரோபர் என்ற அமெரிக்க யூடியூபர் வெளியிட்ட காணொளியில் கொல்கத்தாவின் இந்தத் தொழிலை உலகமே பார்த்தது. நம் ஊர்ப் பெயர் கெட்டது.

அதே வித்தைதான் இப்போது மின்னஞ்சலாக நம் வீட்டுக்கும் வருகிறது. வேலை தேடி இங்கே ரயிலேறி வரும் பிள்ளைகளுக்குப் பெரிய கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் வருகிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அனுப்பச் சொல்கிறது. அனுப்பினால் வேலை வராது. நம் பெயரில் எவனோ வாங்கிய கடனுக்கு வசூல்காரன் வருவான். நம் கடன்களைக் காட்டும் கிரெடிட் அறிக்கையை ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள், நீங்கள் வாங்காத கடன் அதில்தான் முதலில் தலைகாட்டும்.

மெயில் வந்தால் அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிவைத்தால் எம் போலவே தெரியும்; அவசரத்தில் கண் ஏமாந்துவிடும். வங்கி என்று சொல்லி வரும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். ரிசர்வ் வங்கி நம் வங்கிகளுக்கென்றே ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரியைக் கொண்டுவந்திருக்கிறது. அதை நீங்களே கையால் தட்டச்சு செய்து போங்கள். மெயில் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டையும் அந்த மெயில் வழியாகவே மாற்றிவிட முடியும். அது போனால் எல்லாம் போச்சு!

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். மானம் போகுமே என்று நாம் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்கு முன் சொன்னால், வங்கிகள் அதை வழியிலேயே முடக்க முடியும். வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தவறு உங்களுடையதாகவே இருந்தாலும், புகார் செய்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் தலையில். சொல்லாத வரைதான் அது உங்கள் தலையில்.

நம் பிளாக்குகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும், மாஷிமா என்று நாம் கூப்பிடும் வங்காளி அம்மாக்கள், தாது என்று கூப்பிடும் தாத்தாக்கள் எத்தனை பேர்! மோசடிக்காரர்கள் சிபிஐ என்று சொல்லி, ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக வீடியோ காலில் அவர்களை மிரட்டுகிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களுக்கு வங்காளத்தில் சொல்லுங்கள். தமிழர், வங்காளி என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இன்னொன்று, கண்டிப்பாக. கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு என்று எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் அதில்தான் இறங்கும், போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். போலி கால் சென்டர்கள் செய்யும் ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. ஹெட்செட் மாட்டிக் கிழவியை ஏமாற்றும் வேலைக்கு எவ்வளவு சம்பளம் தந்தாலும் போகாதீர்கள். போயிருக்கும் நண்பனை வெளியே இழுத்து வாருங்கள்.

தோழர்களே, இன்று ராத்திரிக்குள் 1930-ஐ உங்கள் போனிலும், ஊரில் இருக்கும் அம்மா அப்பா போனிலும் பதிந்துவையுங்கள்!