மஸ்கி மீனுக்கான ரீலும் ‘நீடித்து உழைக்கும்’ என்ற சொல்லும்

ஒரு பொருளை ‘நீடித்து உழைக்கும்’ என்று விற்பவர், எதைத் தாங்கி அது நீடிக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வட அமெரிக்காவில் விஸ்கான்சின், மினசோட்டா, ஒன்டாரியோ ஆகிய ஏரிப் பகுதிகளில் மஸ்கி மீன் பிடிப்போருக்காக விற்கப்படும் தூண்டில் ரீல்கள் இந்த மௌனத்துக்கு நல்ல சான்று. அந்தச் சந்தையில் ரீலின் வலிமை இரண்டு எண்களால் சொல்லப்படுகிறது. ஒன்று, மீன் இழுக்கும்போது நூல் எத்தனை பவுண்டு விசை வரை தடுத்து நிற்கும் என்பது. மற்றொன்று, உள்ளே எத்தனை பேரிங்குகள் உள்ளன என்பது. ஒரு ரீல் எப்படித் தேய்ந்து கெடுகிறது என்ற கேள்விக்கு இவ்விரு எண்களும் விடையாகா. புதிதாக மீன்பிடிக்கத் தொடங்கும் ஒருவர் அவற்றை நம்பிப் பணத்தை இழக்கிறார் என்பதோடு இந்தத் தவறு முடிந்துவிடுவதும் இல்லை. அதன் ஒரு பகுதி விலையை மீன் கொடுக்கிறது.

முதலில் மீனைப் பற்றிச் சில சொற்கள். மஸ்கி என்பது மஸ்கெலஞ்ச் என்ற பெயரின் சுருக்கம். ஒஜிப்வே மொழியின் ‘மாஷ்கினோஷே’ என்ற சொல்லிலிருந்து இது வந்தது. அதன் பின்பகுதி பைக் என்னும் மீனினத்தைக் குறிக்கும். முன்பகுதிக்கு ‘அருவருப்பான’ என்றும் ‘பெரிய’ என்றும் இருவகையாகப் பொருள் சொல்கிறார்கள். பிரெஞ்சு பேசியோர் இச்சொல்லில் ‘நீண்ட முகமூடி’ எனப் பொருள்படும் தம் மொழித்தொடர் ஒன்றைக் கேட்டார்கள். மீனின் தலை நீண்டிருப்பதால் அந்தச் செவிப்பிழையும் பொருந்தியே போயிற்று. விஸ்கான்சின் மாநிலம் 1955-இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. நன்னீரில் இரைக்காகப் பதுங்கிப் பாயும் பெரிய வேட்டை மீன் இது. எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு வளர்ந்த மீன் ஒன்றுகூடத் தேறாத ஏரிகளே மிகுதி. ‘பத்தாயிரம் வீச்சுகளின் மீன்’ என்ற பட்டப்பெயர் இதனால் வந்தது.

ரீலைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் இந்தப் பட்டப்பெயரைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் கணக்காக எடுத்துக்கொள்வது நல்லது. கோலின் மேல் அமர்ந்து, கிடைமட்ட உருளையில் நூலைச் சுற்றும் ரீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூல் நிறைந்த நிலையில் உருளையின் விட்டம் 3.8 சென்டிமீட்டர், பற்சக்கர விகிதம் 5.3 என்றால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை 5.3 முறை சுழன்று ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் நூலை உள்ளிழுக்கும். 25 மீட்டர் தூரம் வீசிய போலி இரையைத் திரும்பக் கொண்டுவர 40 சுற்றுகள் வேண்டும். ஒரு நாளில் 400 வீச்சு என்பது இந்த மீன்பிடியில் மிகையான எண்ணிக்கை அன்று. அதாவது நாளொன்றுக்குக் கைப்பிடி 16,000 முறை சுழல்கிறது. ஆண்டுக்கு இருபது நாள் ஏரிக்குச் செல்பவரின் ரீல் ஒரு பருவத்தில் 3,20,000 சுற்றுகளைக் கடக்கிறது. இத்தனைக்கும் நடுவே மீன் மாட்டிக்கொள்வது சில முறைதான். ஒவ்வொரு முறையும் போராட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரீலைத் தேய்ப்பது மீன் அன்று. மீன் இல்லாத நேரம்.

அந்த மீனில்லாத நேரத்திலும் சுமை சிறிதன்று. மஸ்கிக்கான போலி இரைகளில் பெரிதும் விரும்பப்படுவது, உள்ளங்கை அளவு உலோகத் தகடுகள் இரண்டு நீரில் சுழன்றுவரும் வகை. அது ஒரு சிறு துடுப்பைத் தலைகீழாக இழுப்பதற்கு ஒப்பாகும். அரைக்கிலோ எடையை நெருங்கும் ரப்பர் இரைகளும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இந்த எதிர்ப்பு முழுவதும் இரண்டு பற்சக்கரங்களின் விளிம்புகளில் வந்து இறங்குகிறது. விலை குறைந்த ரீல்களில் எடையைக் குறைப்பதற்காக அலுமினியக் கலவையில் செய்த சிறு சக்கரங்களை வைப்பது வழக்கம். பித்தளைச் சக்கரம் கனமானது. ஆனால் பற்கள் தேய்வது மெதுவாக நடக்கும். உடற்சட்டம் நெளிந்து கொடுத்தால் இரு சக்கரங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடித்துக்கொள்கின்றன. பிறகு தேய்மானம் விரைகிறது. எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி சக்கரத்தின் உலோகமும் அளவும் பற்றியது. அடுத்தது சட்டத்தின் விறைப்பு. பேரிங் எண்ணிக்கை இதற்கெல்லாம் பின்னால் வரும். தரமான நான்கு பேரிங்குகள் செய்யும் வேலையைத் தரமற்ற பத்தும் ஒன்றும் செய்துவிடுவதில்லை. ‘10+1’ என்று பெட்டியில் அச்சிடுவது, பக்க எண்ணிக்கையைக் காட்டி ஆய்வேட்டின் தரத்தைச் சொல்வது போன்றது.

மேலும் இரண்டு உறுப்புகள் ரீலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. உருளையின் முன்னால் நூலை இடவலமாக நகர்த்திச் சீராகச் சுற்றவைக்கும் திருகுத் தண்டும், அதன் பள்ளத்தில் ஓடும் சின்னஞ்சிறு கொக்கித் துண்டும் முதலாவது. மணலும் பாசியும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுவே. இரண்டாவது, கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி உருளைப் பூட்டு. மீன் கவ்விய கணத்தில் முழு வலிமையோடு கோலை உதறும்போது இந்தப் பூட்டு வழுக்கினால், விரலில் அடி விழும், மீனும் தப்பும். அந்தப் பூட்டுக்குள் தடித்த மசகைத் தடவிவிடுவதே பல வேளைகளில் வழுக்குவதற்குக் காரணம். நவம்பர் குளிரில் மசகு இறுகும்போது நிலைமை இன்னும் மோசமாகும். உருளைப் பூட்டுக்குத் துணையாகப் பழைய முறையிலான பல்லும் கொக்கியும் கொண்ட இரண்டாம் தடுப்பு உள்ள ரீலே மஸ்கிக்கு ஏற்றது. விளம்பரங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே அரிது.

பற்சக்கர விகிதத்தைப் பற்றி நிகழும் சண்டைகள் அளவுக்கு மீறியவை. தகடு சுழலும் கனமான இரைக்கு 5.3 போன்ற குறைந்த விகிதம் மணிக்கட்டைக் காக்கும். நீர்மட்டத்தில் ஓடும் இரைக்கும் கோலை உதறி இயக்கும் இரைக்கும் 7-க்கு மேற்பட்ட விகிதம் வசதி. ஒரே ஒரு ரீல் வாங்க வசதி உள்ளவர் குறைந்ததை வாங்கிக் கையைச் சற்று வேகமாகச் சுழற்றிக்கொள்ளலாம்.

இனி விலை. ஆங்கில விளம்பரங்களில் ‘மலிவு’ என்ற பொருளுக்கும் ‘வாங்க இயலும்’ என்ற பொருளுக்கும் இடையே கோடு அழிந்துவிட்டது. தமிழில் உழவரும் சிறுவணிகரும் சொல்லும் ‘கட்டுப்படியாகும்’ என்ற சொல் இந்த இடத்தில் மேலும் துல்லியமானது. போட்டதும் எடுத்ததும் காலப்போக்கில் ஈடாகின்றனவா என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. 80 டாலருக்கு வாங்கிய ரீல் இரண்டு பருவங்களில் மடிந்தால், பத்தாண்டுகளில் ஐந்து ரீல்களுக்கு 400 டாலர் ஆகிவிடும். 160 டாலர் ரீல் ஒன்றுக்கு அதே காலத்தில் சக்கரம், கொக்கித் துண்டு, பேரிங் என 70 டாலர் செலவிட்டாலும் மொத்தம் 230-தான். 500 டாலர் ரீல் இவ்விரண்டையும் விட இனிமையாகச் சுழலும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அதன் உறுப்புகள் கடையில் கிடைக்காத நாளில் அதுவும் மேசைப் பொருளே. ஆகவே கட்டுப்படியாகும் ரீல் என்பது நடுத்தர விலையில் உள்ளது என்று மட்டும் சொன்னால் போதாது. உறுப்புகளின் வரைபடமும் எண்களும் உரிமையாளரின் கைக்கு வருகிற, உறுப்புகளைத் தனித்தனியே விற்கிற ரீலே கட்டுப்படியாகும்.

மீன் கொடுக்கும் விலையும் இங்கேதான் வருகிறது. மஸ்கியைப் பிடித்து விட்டுவிடும் வழக்கத்தை, 1966-இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற அமைப்பு பெரிதும் பரப்பியது. சட்டமும் அதே திசையில் செல்கிறது. விஸ்கான்சினின் பெரும்பாலான நீர்நிலைகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. மினசோட்டாவில் 2015 முதல் பொதுவரம்பு 54 அங்குலம். நடைமுறையில், பிடிபடும் மீன்களில் ஏறத்தாழ அனைத்தும் நீருக்குத் திரும்ப வேண்டியவை. அவை உயிரோடு திரும்புமா என்பது போராட்டத்தின் நீளத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்தது. நீண்ட போராட்டத்தில் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. வெப்பநீரில் கரைந்த ஆக்சிஜனும் குறைவு. நீர் 27 டிகிரி செல்சியஸை எட்டினால் பொறுப்புள்ள மஸ்கி மீனவர்கள் தூண்டிலை எடுத்து வைத்துவிடுவது இதனாலேயே. சிறு மீனுக்கெனச் செய்த இலேசான ரீலோடு மஸ்கியை எதிர்கொள்பவரால் மீனை விரைந்து படகருகே கொண்டுவர முடியாது. ‘என் சின்ன ரீலில் அரை மணி நேரம் போராடினேன்’ என்பது வீரக்கதையாகச் சொல்லப்படுகிறது. அந்த அரை மணிக்குப் பின் நீந்திச் செல்வதுபோல் தோன்றும் மீன், சில மணி நேரம் கழித்து ஏரியின் அடியில் இறந்து கிடக்கலாம். 50 அங்குலத்தை எட்ட அது பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கும்.

உறுப்புகளை மாற்றிக்கொண்டே வாழும் ரீலுக்குப் பழைய எடுத்துக்காட்டு சுவீடனில் உள்ளது. ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஆபு நிறுவனம் வாடகைக் கார்களுக்கான கட்டணமானிகளைச் செய்துவந்தது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாட்டால் வாடகைக் கார்கள் குறைந்தன. நிறுவனம் ரீல் செய்யத் தொடங்கியது. 1950களில் வெளிவந்த அதன் ‘அம்பாசடர்’ ரீல்களில் கடிகாரக்காரரின் மனப்பாங்கு தெரியும். மூடியைக் கழற்றினால் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கையில் வரும். பழைய ரீல்களோடு திருகுச்சாவியும் சிறு எண்ணெய்க் குப்பியும் வந்தன. உரிமையாளர் அதைத் திறப்பார் என்று செய்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அதே குடும்பத்தின் 6500 வரிசை இன்றும் மஸ்கிப் படகுகளில் காணப்படுகிறது. (இந்தியச் செவிக்கு இப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டும்: எந்தச் சாலையோரத்திலும் பிரித்துப் பூட்ட முடிந்த அம்பாசடர் கார். அது கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரானது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனமோ மஸ்கிக்குப் புகழ்பெற்ற தன் உருண்டை ரீலுக்குக் ‘கல்கத்தா’ என்று பெயரிட்டது. தற்செயலே, ஆயினும் சுவையான தற்செயல்.)

உருண்டை ரீலுக்கு எதிரான வாதம் ஒன்றை மதிக்க வேண்டும். அது உயரமானது, கனமானது, உள்ளங்கையில் அடங்காது. நாளுக்கு 400 வீச்சு என்ற கணக்கு ரீலுக்கு மட்டுமன்றி மணிக்கட்டுக்கும் பொருந்தும். டைவா லெக்சா, ஷிமானோ டிராங்ஸ் போன்ற தாழ்வடிவ ரீல்கள் 300, 400 அளவுகளில் இந்தக் குறையைத் தீர்த்திருக்கின்றன. மூட்டு வலி உள்ளவரிடம் பழைய ரீலின் நெடுவாழ்வைப் பற்றிப் பேசுவது இரக்கமற்ற செயல். அவர் தாழ்வடிவத்தையே வாங்கலாம். உறுப்புகளைப் பற்றிய கேள்வியை அங்கும் கேட்டுவிட்டு வாங்கலாம்.

பணம் குறைவாக உள்ள மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் உகந்த வழி, புதிய மலிவு ரீலைத் தவிர்த்துப் பழைய நல்ல ரீலை வாங்குவது. அதைச் சோதிப்பது கடினமன்று. நூலில் சுமையில்லாமல் கைப்பிடியை மிக மெதுவாகச் சுழற்ற வேண்டும். மணல் அரைவது போன்ற உணர்வு பேரிங்கைக் குறிக்கும், சீரான இடைவெளியில் தட்டும் உணர்வு சக்கரப் பல்லைக் குறிக்கும். பேரிங் என்றால் பேரம் பேசலாம். பல் என்றால் புதுச் சக்கரம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே பேச வேண்டும். கைப்பிடியைச் சட்டென்று பின்னோக்கித் தள்ளிப் பூட்டு பிடிக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. அது ஒருமுறை வழுக்கினால் அழுக்காக இருக்கலாம்; சாராயத்தால் கழுவி மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டால் சரியாகக்கூடும். பின் நூலைக் கையால் இழுக்க வேண்டும்: தடை ஒரே சீராக விட்டுக்கொடுத்தால் நல்லது, திக்கித் திக்கி விட்டால் தடை வளையங்களை மாற்ற வேண்டும். இறுதியாக, நூல் நகர்த்தி உருளையின் இரு முனைகளிலும் தயங்காமல் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். தயங்கினால் கொக்கித் துண்டு தேய்ந்திருக்கும். ரீலிலேயே மிக மலிவான உறுப்பு அதுதான். அதன் பொருட்டு முழு ரீலையும் குப்பையில் போட்டவர்கள் பலர்.

மினசோட்டா மாநிலம் 2023-இல் நிறைவேற்றிய பழுதுநீக்கும் உரிமைச் சட்டம் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்புகளையும் கையேடுகளையும் உரிமையாளருக்கும் தனிப் பணிமனைகளுக்கும் நியாயமான முறையில் தர வேண்டும் என்று அது தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அது மின்னணுப் பொருள்களுக்கான சட்டம். படகில் உள்ள மீன்காட்டும் கருவிகளைப் பற்றி அச்சட்டத்தை வைத்து வாதிடலாம்; அதே படகில் கோலின் மேல் அமர்ந்திருக்கும் ரீலைப் பற்றி வாதிட முடியாது. மின்சுற்றே இல்லாத, சக்கரமும் தண்டும் மட்டுமே கொண்ட ஓர் எளிய இயந்திரத்தின் உறுப்பு கிடைப்பது, தயாரிப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இன்றும் இருக்கிறது. மாநிலத்தின் மீன்வளத்துறைகள் மீனின் நீளத்துக்கு விதி வகுக்கின்றன, நீரின் வெப்பம் குறித்து அறிவுறுத்துகின்றன. ரீல் விற்கும் நிறுவனங்கள் பற்சக்கரத்தின் உலோகத்தையும், உறுப்புகள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று மஸ்கி மீனவர் அமைப்புகள் கோரத் தொடங்கலாம். பேரிங் எண்ணிக்கை அச்சிட்டிருக்கும் இடம் அதற்குப் போதும்.