மேடைக் குரலும் திரைக் குரலும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

முறையாகச் சங்கீதம் கற்ற ஒருவர் திரைப்படத்துக்குப் பாடலாமா, கூடாதா? நம் கல்லூரி விடுதியிலும் சரி, ஆசிரியர் ஓய்வறையிலும் சரி, ஆண்டுதோறும் தவறாமல் எழும் வழக்கு இது. ஒரு சாரார், "பாடலாம், ஆனால் அது சங்கீதம் ஆகாது" என்பர். மறு சாரார், "அதுதான் சங்கீதம், மற்றதெல்லாம் தூக்கம்" என்பர். இரு திறத்தாரும் உரத்துப் பேசுகிறார்களே அன்றி, இத்தகைய பாடகர்களிடம் மக்கள் மனத்தைப் பறிகொடுப்பது ஏன் என்று நின்று கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பெரணமல்லூரைச் சேர்ந்தவன். ஆரணியைச் சுற்றிப் பட்டுத்தறி ஓடும் ஊர்களுள் எங்கள் ஊரும் ஒன்று. எங்கள் தெருவில் சங்கீத சபை கிடையாது. மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னைக்குப் புறப்பட்டவர் எவரும் இல்லை. ஆயினும் தறிக்குழியில் காலை விட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் சிலர், வானொலியில் ஒரு பாட்டின் முதல் அடி வருமுன்னரே, "இது கல்யாணி", "இது மோகனம்" என்று சொல்லிவிடுவர். இவர்களுக்கு ராகம் சொல்லிக் கொடுத்த குரு யார்? ஒன்று தெருக்கூத்து, மற்றொன்று சினிமா. சபா வாயிலில் காவலாளி நிற்பான். இவ்விரண்டு வாயில்களிலும் எவனும் நின்றதில்லை.

முதலில் கூத்தைப் பார்ப்போம். மேலைநாட்டில் ஆப்பெரா என்றொரு கலை உண்டு. அதுவும் பாடி நடிக்கும் நாடகமே. 1600-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிரபுக்களின் மாளிகைகளில் பிறந்தது. 1637-இல் வெனிஸ் நகரில் காசு கொடுத்தவர் எவரும் நுழையலாம் என்ற அரங்கு திறந்தபின் ஊர்ச்சொத்தாயிற்று. அங்கே பாடுபவர் ஒலிபெருக்கியின்றி, ஐம்பது அறுபது வாத்தியங்களைத் தாண்டி, கடைசி வரிசையில் அமர்ந்தவன் காதில் விழும்படி பாட வேண்டும். இது வெறும் கத்தலால் ஆகக்கூடியதன்று. நொடிக்கு ஏறக்குறைய 3,000 அதிர்வுகள் கொண்ட பகுதியில் குரலின் வலுத் திரளும்படி தொண்டையைப் பழக்குகிறார்கள். வாத்தியங்களின் வலு அப்பகுதியில் குறைவு; மனிதச் செவியோ அங்கேதான் மிகக் கூர்மை. ஆகவே குரல் வாத்தியங்களோடு மல்லுக்கட்டாமல் அவற்றின் மேலே மிதந்து வருகிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடக்கக் கண்டவர்களுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. பெட்டி, முகவீணை, மிருதங்கம், தாளம், பின்பாட்டு ஆகிய இத்தனைக்கும் மேலே, தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் சுமந்துகொண்டு ஆடியபடியே பாடும் கூத்தரின் குரல், வயல்வெளியில் பாய் விரித்துப் படுத்திருப்பவரையும் எழுப்பிவிடும். செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்துப் பரம்பரை உலக நாடுகள் வரை சென்று பேர் பெற்றது. இத்தாலியர் மாளிகையில் பயிற்றுவித்ததை நம்மவர் களத்துமேட்டில் பயின்றனர்; வேறுபாடு அவ்வளவே என்பது என் துணிபு. ஆராய்ச்சியாளர் மறுத்தால் வாதிடத் தயார்.

இக்குரல் கூத்திலிருந்து நாடக மேடைக்கு வந்தது. அங்கிருந்து திரைக்குச் சென்றது. செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழே வயதில் மறைந்தார். பேசும் படம் தமிழில் வேரூன்றுமுன்னரே போய்விட்டார். ஆயினும் அவர் உச்சத்தில் நின்று பாடிய புகழ் இன்றும் பேசப்படுகிறது. அவரை மணந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமிட்டுப் பாடி நடிக்க ஒரு லட்ச ரூபாய் பெற்றார் என்பர். அக்காலத்து லட்சம்! அதே படத்தில் வேதியராக வந்தவர் யார் தெரியுமா? கச்சேரி மேடையின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சங்கீத வித்துவானுக்குச் சினிமா தீட்டு என்று இன்று பேசுவோர் இதை நினைவிற் கொள்க.

பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி' மூலம் திரைக்கு வந்தார். 1944-இல் வெளியான அவரது 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்பாடல்களை எழுதியவர் பாபநாசம் சிவன். அவரோ கச்சேரி மேடைக்குக் கீர்த்தனை எழுதிய பெருமகனார். பாகவதர் குரலில் தமிழ்நாட்டுச் சாமானியன் கேட்டது கலப்படமற்ற ராகம்தான். சுருக்கமாக, மூன்று நான்கு நிமிடத்தில், தன் தாய்மொழியில் கேட்டான். ஒரு வியப்பு என்னவென்றால், ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் மேரியோ லான்சா என்றொருவர் ஆப்பெராக் குரலோடு திரைப்படத்துக்கு வந்தார். 1951-இல் 'தி கிரேட் கரூசோ' என்னும் படத்தில் நடித்துப் பாடி உலகைக் கவர்ந்தார். ஆப்பெரா அரங்கத்தார் அவரை முழுமையாக ஏற்கவில்லை, பாமரர் ஏற்றனர். லான்சா 1959 அக்டோபரில் மறைந்தார். பாகவதர் அதே ஆண்டு நவம்பரில். இருவருமே முதுமை காணவில்லை.

இதற்கிடையில் ஒலிவாங்கி வந்துவிட்டது. அதன்பின் கத்திப் பாட வேண்டிய தேவை தீர்ந்தது. காதருகே வந்து பேசுவது போன்ற குரல்கள் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி காலம் தொட்டுக் கோலோச்சின, நமக்கு ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் வாய்த்தனர். அவர்கள் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. என் கேள்வி வேறு: மெல்லப் பாடினாலே போதும் என்றான பிறகும், மார்பு விரியப் பாடும் குரலுக்கு ஏன் இத்தனை மவுசு?

இதற்கு விடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. விசைத்தறி வந்து, ஒரு நாளில் பத்துச் சேலை விழும் காலத்தில், கைத்தறிப் பட்டை ஏன் தேடி வருகிறார்கள்? அதில் ஒரு மனிதனின் கையும் காலும் முதுகும் பட்டிருக்கின்றன என்று வாங்குபவருக்குத் தெரியும். இயந்திரம் எல்லாக் குரலையும் பெரிதாக்கித் தரும் நாளில், இயந்திரமின்றியே பெரிதாக நிற்கும் குரலில் ஓர் உயிரின் உழைப்புக் கேட்கிறது. மூச்சை அடக்கி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, மேல் ஸட்ஜத்தில் நிறுத்தும்போது கேட்பவன் தன் மூச்சையும் நிறுத்திக் கொள்கிறான். ராகம் தெரியாதவனும் அந்த உழைப்பை அறிவான்; உழைப்பவன் இன்னும் நன்றாக அறிவான்.

சீர்காழி கோவிந்தராசனை எடுத்துக் கொள்வோம். தமிழிசைக் கல்லூரியில் பயின்றவர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்றவர். கச்சேரி, பக்திப் பாடல், திரைப்பாடல் என மூன்றிலும் ஒரே தொண்டையோடு நின்றார். இடத்துக்கு ஏற்றபடி குரலைச் சுருக்கிக் கொள்ளவில்லை. 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தில், போர்க்களத்தில் கர்ணன் வீழ்ந்து கிடக்கையில் சக்கரவாகத்தில் அவர் பாடியதைக் கேட்டிராத தமிழன் இருக்கமாட்டான். எங்கள் பக்கத்தில் கர்ணமோட்சக் கூத்தை விடிய விடியக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அப்பாட்டு சினிமாப் பாட்டாகப் படவில்லை. கூத்தின் கடைசிச் சாமம் இசைத்தட்டில் ஏறியதாகவே பட்டது. சாவு வீடுகளிலும் அது ஒலிக்கிறது. சக்கரவாகம் என்ற பெயர் அங்கே எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பாலமுரளிகிருஷ்ணாவின் கதை வேறு வகை. 1965-இல் வெளியான 'திருவிளையாடல்' படத்தில் செருக்கு மிகுந்த ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா நடிக்க, பின்னணியில் பாடியவர் அவர். ராகங்களை மாலையாகத் தொடுத்து, பாண்டியன் சபையையே மலைக்க வைக்கும் பாட்டு அது. கதைப்படி பாகவதர் விறகு வெட்டியிடம் தோற்று ஓட வேண்டும். ஆனால் திரையரங்கில் நடந்தது என்ன? தோற்ற பாகவதரின் பாட்டையும் மக்கள் தூக்கிக் கொண்டு போனார்கள்! கதையாசிரியர் கொடுத்த தீர்ப்பைக் கேட்பவர்கள் திருத்திவிட்டனர். பின்னர் 1977-இல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இசையில் அவரே ரீதிகௌளையில் பாடினார். அந்த ராகம் அதுவரை சபாக்காரர்களின் சொத்தாக இருந்தது. அதன்பின் டீக்கடைக்கும் வந்தது.

இவ்வளவு புகழ்ந்த பின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நேர்மையாகாது. 1990-இல் இத்தாலியில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாளான ஜூலை 7 அன்று, ரோம் நகரின் பழைய நீராட்டு மண்டப இடிபாடுகளில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடினர். வாத்தியக் குழுவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த நம் சுபின் மேத்தா. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட கரேராஸுக்கு அது மறுபிறவிக் கச்சேரி. அதன் இசைத்தட்டு விற்ற விற்பனையைக் கண்ட கம்பெனிகள், ஆப்பெராவையும் மெல்லிசையையும் கலப்பதை ஒரு தொழிலாகவே தொடங்கிவிட்டன. பார்வையிழந்த இத்தாலியப் பாடகர் ஆந்திரேயா பொச்செல்லி சாரா பிரைட்மனோடு 1996-இல் பாடிய பாட்டு உலகெங்கும் ஒலித்தது. பொச்செல்லி குரலில் ஈரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2004-இல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி உடையுடுத்தி, 'இல் டிவோ' என்று பெயரிட்டு வெளியிட்டபோது, குரல் வளம் இருந்தும் அது கடைச்சரக்காகவே என் காதில் படுகிறது. ஒவ்வொரு பாட்டும் ஒரே இடத்தில் மெல்லத் தொடங்கி, ஒரே இடத்தில் ஓங்கி, ஒரே இடத்தில் கண்ணீரைக் கேட்கிறது.

ஜரிகையில் அசலும் உண்டு, போலியும் உண்டு. அசலைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். அதன்மேல் வெள்ளி, வெள்ளியின்மேல் தங்கம். போலியிலும் மேல்மினுக்கு உண்டு, விலையும் மலிவு. கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கலப்பிசையிலும் இப்படிப்பட்ட சரக்கு நிறைய வருகிறது. பாட்டின் நடுவே நான்கு ஸ்வரத்தைத் தூவிவிட்டு, "கேட்டாயா, சாஸ்திரியம்!" என்று நம்மைத் தட்டிக் கொடுக்கிறார்கள். கேட்பவனுக்கும் தான் உயர்ந்த ரசிகனாகிவிட்டதாக ஒரு கிறக்கம். இது கவர்ச்சியின் மலிவான பகுதி.

ஆனால் அசல் எது, போலி எது என்பதைப் பயிற்சிச் சான்றிதழை வைத்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 1980-இல் திரைக்கு வந்த 'சங்கராபரணம்' தெலுங்குப் படம். தமிழ்நாட்டிலும் ஓடு ஓடென்று ஓடியது. அதில் முதிய வித்துவானின் குரலாக ஒலித்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர்! அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. கே.வி. மகாதேவன் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, உழைத்து, உள்வாங்கிப் பாடினார். பயிலாதவர் வித்துவானாகப் பாடுகிறார், பயின்றவர்கள் சினிமாவில் குழைகிறார்கள்! சான்றிதழ்க்காரர்கள் என் செய்வர்?

எம்.எஸ். சுப்புலட்சுமி 1945-இல் 'மீரா' படத்தோடு திரையை விட்டு விலகிக் கச்சேரிக்கே தம்மைக் கொடுத்தார் என்பதைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வர். பார், அவர் விலகியதால்தான் உயர்ந்தார் என்பர். விலகியது உண்மை. ஆனால் அவர் பெயர் சபாவைத் தாண்டிக் கிராமத்துக்குள் நுழைந்தது மீராவாக வந்தபோது அன்றோ? டி.கே. பட்டம்மாள் 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் பாரதியைப் பாடினார். எவரும் அவரைக் குறைத்து மதிக்கவில்லை. அவர் பேத்தி நித்யஸ்ரீ 1998-இல் 'ஜீன்ஸ்' படத்தில் பாடியபோது மட்டும் ஏன் முகஞ்சுளித்தார்களோ! பம்பாய் ஜெயஸ்ரீ 'மின்னலே' படத்தில் 2001-இல் பாடினார். 2013-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. அவர் கச்சேரி மேடை அதனால் சரிந்துவிடவில்லை.

இவ்வழக்கை நேருக்கு நேர் எடுத்துப் பேசிய படம் ஒன்றுண்டு: 1985-இல் கே. பாலசந்தர் எடுத்த 'சிந்து பைரவி'. பெரிய வித்துவான் புரியாத மொழியில் பாடிக்கொண்டிருக்க, சபையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். பாடிக் காட்டு என்கிறார்கள். தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையைத் தொடர்ந்து, அதே சாரமதியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டை அவள் எடுக்கிறாள். சித்ரா அதைப் பாடித் தேசிய விருது பெற்றார், இளையராஜாவுக்கும் விருது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்டவர்கள் மேடையில் நின்று வாதிட்டதை, அப்படம் ஒரே பாட்டில் வாதிட்டுவிட்டது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒன்று. கீர்த்தனையும் நாட்டுப் பாட்டும் அங்கே கரைந்து ஒன்றாகிவிடவில்லை. இரண்டும் தம் நிறத்தோடு நிற்கின்றன, நடுவே பிணைப்பு மட்டும் விழுகிறது.

நெசவில் இதற்குக் கோர்வை என்று பெயர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வெவ்வேறு நாடாக்கள் ஓட, ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோத்துக் கோத்து வர வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்ய முடியாது. கரைநாடாவை ஓட்டப் பக்கத்தில் ஒரு துணை வேண்டும். அச்சிட்ட சேலையிலும் கரை இருக்கும், ஆனால் அது சாயம். மிருதங்கக்காரர்களும் தம் கணக்கு எடுப்பில் வந்து சேரும் முத்தாய்ப்பைக் கோர்வை என்றே சொல்கிறார்கள். எங்கிருந்து எங்கு போயிற்று இச்சொல் என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். ஆண்டு விழாப் பாட்டுப் போட்டியில் 'கர்நாடக இசை', 'மெல்லிசை' என இரண்டே பிரிவுகள். முதற்பிரிவில் பெயர் கொடுப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்துக் கற்றவர்கள் மட்டுமே அதில் சேர முடிகிறது. இரண்டாம் பிரிவில் கூட்டம் தாங்காது. தறிக்காரன் பிள்ளையும் உழவன் பிள்ளையும் அங்கேதான் நிற்கிறார்கள். நல்ல சாரீரம் உள்ளவர்களும் அவர்களுள் உண்டு. அடுத்த ஆண்டு மூன்றாவதாக ஒரு பிரிவு வைத்தால் என்ன? ராகத்தில் அமைந்த திரைப்பாடல் ஒன்றைப் பாடி, அதன்பின் அந்த ராகத்தை ஐந்து நிமிடம் தனக்குத் தெரிந்த வரையில் பாடிக் காட்ட வேண்டும், ஒலிவாங்கி கிடையாது. கூத்துப் பாட்டு பாட வருபவனுக்கும் அதே மேடை, அதே மதிப்பெண். நடுவராக ஒரு வித்துவானையும், நம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரையும் அருகருகே அமர்த்தலாம். முத்தமிழ் மன்றத் தலைவருக்கு இதை விண்ணப்பமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் நண்பர்கள் நூலகத் தாழ்வாரத்தில் என்னைச் சந்திக்கலாம்.