உயிர் காக்கும் ரேடியோவை நாமே செய்யலாமே!

2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக்கடல் மேல் மறைந்தது. மாதக்கணக்கில் தேடியும் பலனில்லை. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. ஏழரை வருடம் அந்தக் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும்!

நல்ல ரேடியோ இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விமானத்தோடு பொருத்திய கருவி தண்ணீருக்குள் போய்விட்டால் அதன் ரேடியோ அலை மேலே வராது. அதனால்தான் குதித்துத் தப்பும் வீரரின் சட்டையிலேயே ஒரு ரேடியோ வேண்டும் என்கிறேன். 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை அது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் குரலைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. அருகே வந்த மீட்பு விமானம் திசை கண்டுபிடிக்க மட்டுமே அது உதவும்.

ஆகவே பழையதை மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு ஆகும் செலவுதான் தலைவலி. வெளிநாட்டுக் கம்பெனி ஒரு மாடலை நிறுத்திவிட்டால், பாட்டரிக்குக்கூட நாம் அலைய வேண்டும். பாட்டரி காலாவதியானால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரேடியோவும் வெறும் டப்பாதான்.

நம்மால் முடியாதா? மீனவர்களுக்காக இஸ்ரோ செய்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை படகுகளில் உள்ளன. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், "உங்கள் அழைப்பு கிடைத்தது" என்ற பதிலும் கடலுக்கே திரும்பி வருகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்தப் பதிலே பாதி உயிர். இந்த அழைப்புகளைக் கேட்கும் மையமும் வேறெங்கோ இல்லை, நம் பெங்களூரில்தான் இருக்கிறது.

விமானிக்கான கருவி கடினமானதுதான். வெளியே வீசப்படும் அதிர்ச்சியையும், உயரத்துக் குளிரையும், உப்புத் தண்ணீரையும் அது தாங்க வேண்டும். அலைவரிசையும் வேறு. சில நூறு மட்டும் செய்தால் சோதனைச் செலவே விலையை ஏற்றிவிடும். ஆனால் இடமறியும் சில்லு, லித்தியம் பாட்டரி, நீர் புகாத பெட்டி ஆகியவை இரண்டுக்கும் பொதுவாக அமைந்தால், மீனவரின் ஆயிரக்கணக்கான கருவிகளோடு விமானியுடையதும் மலிவாகும்.

அத்திபெலேயிலிருந்து ஓசூர் வரை சர்க்யூட் பலகையில் சால்டரிங் செய்யும் நம்மவர் எத்தனை பேர்! பெரிய நிறுவனங்கள் வடிவமைக்கட்டும். பாட்டரித் தொகுப்பு செய்து தருவதையும், காலம் தவறாமல் மாற்றித் தருவதையும் இங்குள்ள சிறு பட்டறைகளிடம் ஒப்படைக்கலாம். இந்தத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் என் கணக்கில் பிசகு கண்டால், அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.