கொதித்த காரும் குளிர்ந்த மனமும்

இந்த முறை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வாசல் பக்கம் வாருங்கள். எங்கள் வீட்டுக் கார் அடித்த கூத்தைச் சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் கொடைக்கானல் புறப்பட்டோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. இவர் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். நாலு வயதுப் பையன் அவர் காலடியில்!

"ஐயையோ, தொடாதீங்க! ஆவி அடங்காத குக்கர் மாதிரிதான் அதுவும்!" என்று கத்திவிட்டேன். சூட்டோடு திறந்திருந்தால் கொதிநீர் பீறிட்டு இருவரையும் வேகவைத்திருக்கும். இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாகக் கீழே இறங்கினோம். அங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "தண்ணி, ஃபேன், பம்ப் எல்லாம் சரியா இருக்கு. தெர்மோஸ்டாட்தான் அடைச்சுக்கிச்சு. கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுங்கக்கா. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார்.

அதென்ன தெர்மோஸ்டாட்? எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சின்ன வால்வு. உள்ளே ஒரு வகை மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். அதனால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். பல கார்களில் 82 முதல் 88 டிகிரி வாக்கில் மெழுகு உருகி, விரிந்து, வால்வைத் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வரும். திறக்காமல் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். அடியோடு எடுத்துவிட்டாலோ, எஞ்சினுக்குத் தேவையான சூடே வராது. பெட்ரோலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஆகவே 'எறிவதில்லை, மாற்றுவதுதான்' என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின். கார் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் இவரும் உட்கார்ந்தோம். ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் வடித்தோம். மேல் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால், எஞ்சினில் அது சேரும் இடத்தில் ஒரு மூடி, இரண்டு போல்ட். கழற்றினால் உள்ளே நம்ம ஆள்!

மாட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை. சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பழசையும் புதுசையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

"ஏம்மா, இது என்ன புது ரசமா?" என்றார் மாமியார்.

"பாருங்க அத்தை!" என்றேன். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குள் புதுசு வாய் திறந்தது. பழசு கடைசிவரை திறக்கவே இல்லை. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்!

பழைய கேஸ்கெட்டைக் கீறல் விழாமல் சுரண்டி, புதுசு வைத்தோம். ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் வேலை செய்யாது. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டை நிரப்பி, மூடியைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டோம். மேல் குழாய் சூடேறியது. வால்வு திறந்த அடையாளம். நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு மறுபடி அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றினோம். ஒழுகவில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூலன்ட் கலர் கலராக இருக்கும், இனிப்பாகவும் இருக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். குழந்தையோ நாயோ குடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மூடி போட்ட கேனில் ஊற்றி, வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சிந்தியதை நன்றாகக் கழுவிவிடுங்கள். சில கார்களில் இந்த வால்வு கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அப்படியானால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

மறுமாதம் மறுபடி கொடைக்கானல். மலை உச்சிவரை முள் நடுவிலேயே நின்றது. பின் சீட்டிலிருந்து அத்தை மெல்லச் சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் அந்த கிரைண்டரையும் கொஞ்சம் பாத்துடும்மா!"